நிமிர்ந்த இலையா, அகன்ற இலையா? நெல் இலை சொல்லும் மகசூல் கணக்கு

நெல் வயலின் வரப்பில் நிற்கும் விவசாயி முதலில் பார்ப்பது இலையின் நிறத்தை. வெளிறியிருந்தால் யூரியா, கருகியிருந்தால் மருந்து என்று அடுத்த வேலை அங்கேயே முடிவாகிவிடும். இலையின் வடிவத்தை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லை. இலை நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா? அகலமா, குறுகலா? தட்டையா, ஓரம் உள்பக்கமாக மடிந்து ஓடை போல இருக்கிறதா? கடந்த அறுபது ஆண்டுகளாக இதையெல்லாம் விடாமல் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் நெல் ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகள்.

இன்று விதைக் கடையில் கிடைக்கும் பெரும்பாலான நெல் ரகங்களின் இலை தற்செயலாக அப்படி அமைந்ததல்ல. பல தலைமுறைச் செடிகளில் பொறுக்கி எடுத்து நிலைநிறுத்தப்பட்டது. எந்த இடைவெளிக்கு, எவ்வளவு உரத்துக்கு, எப்படிப்பட்ட களை நிர்வாகத்துக்கு அந்த இலை பொருந்தும் என்று தெரியாமல் பயிர் செய்தால், விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த காசு முழுப் பலன் தராது.

இலையின் உறுப்புகள்

நெல் இலையில் இரண்டு பகுதிகள். தண்டைச் சுற்றிப் போர்த்தியிருப்பது இலையுறை. வெயிலில் விரிந்திருப்பது தோகை. இரண்டும் சேரும் இடத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கழுத்து இருக்கும். கழுத்தின் உட்பக்கம் மெல்லிய சவ்வு போல ஒரு நாக்கு, இரு பக்கமும் மயிர் முளைத்த சிறிய காதுகள்.

நாக்கும் காதும் களை எடுப்பவர்களுக்கும் உதவும். நெல்லைப் போலவே முளைத்து ஏமாற்றும் குதிரைவாலிக் களையில் இந்த இரண்டும் இருக்காது. சந்தேகமான நாற்றைப் பிடுங்கி, தோகையை மெதுவாகப் பின்னால் மடக்கிப் பார்த்தால் போதும். நாக்கு இருந்தால் நெல். வழுவழுவென்று இருந்தால் களை.

தோகையின் நடுவே தடித்து ஓடுவது நடு நரம்பு. அதற்கு இணையாக இரு பக்கமும் சிறு நரம்புகள் ஓடுகின்றன. இலையின் வடிவத்தை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. கழுத்து எவ்வளவு வளைகிறது, நடு நரம்பு எவ்வளவு தாங்குகிறது, ஓரங்கள் எவ்வளவு மடிகின்றன, சிறு நரம்புகள் எத்தனை என்பவையே அவை. ஒவ்வொன்றின் பின்னாலும் மரபணுக்கள் இருக்கின்றன.

நிமிர்ந்த இலைக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நன்றாக வளர்ந்த வயலில் பூக்கும் சமயத்தில் 1 சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் 5 முதல் 6 சதுர மீட்டர் அளவுக்கு இலை நிற்கும். மேலே விழும் வெயிலை இத்தனை இலைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

நடுப்பகல் வெயிலை ஒரே நெல் இலையால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. ஏறத்தாழ பாதி வெயிலிலேயே அந்த இலையின் ஒளிச்சேர்க்கை உச்சத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் விழுவது வீண். மேல் இலைகள் பந்தல் போலப் படுத்திருந்தால், தங்களுக்குத் தேவைக்கு மேல் வெயிலை வாங்கிக்கொண்டு கீழ் இலைகளை இருட்டில் தள்ளும். இருட்டில் இருக்கும் இலை உணவு தயாரிக்காது. ஆனால் இரவும் பகலும் மூச்சுவிடும். அதாவது சம்பாதிக்காமல் செலவு மட்டும் செய்யும்.

மேல் இலைகள் வாள் போல நிமிர்ந்து நின்றால், வெயில் சாய்வாக இலை மீது பரவிவிட்டு மிச்சம் கீழே இறங்கும். நடு இலைகளும் கீழ் இலைகளும் வேலை செய்யும். ஜப்பானியர்கள் மொன்சி, சேக்கி இருவரும் 1953-ல் இந்த ஒளிப் பங்கீட்டைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சுனோடா என்ற இன்னொரு ஜப்பானிய விஞ்ஞானி நெல் ரகங்களை வரிசையாக ஒப்பிட்டார். உரம் போட்டால் மகசூல் கூடும் ரகங்களின் இலைகள் குட்டையாக, தடித்து, நிமிர்ந்து, கரும்பச்சையாக இருந்தன. உரம் போட்டால் சாயும் ரகங்களின் இலைகள் நீண்டு, மெலிந்து, தொங்கின.

ஐ.ஆர்.8 கொண்டுவந்த இலை

இந்தக் கருத்து வயலுக்கு வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில். 1962-ல் அங்கே செய்த முதல் 38 கலப்புகளில் எட்டாவது கலப்பின் தாய், இந்தோனேசியாவின் உயரமான பீட்டா ரகம். தந்தை, தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாமே உயரமாக வளர்ந்தன. அந்த விதையை மறுபடி விதைத்தபோது, இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு செடிகள் குட்டையாக நின்றன. குட்டைத் தன்மையை ஒரே ஒரு ஒடுங்கு மரபணு நடத்துகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரே மரபணு என்றால் பொறுக்கி எடுப்பதும் நிலைநிறுத்துவதும் சுலபம்.

அந்த வழியில் 288-வது வரிசையின் 3-வது செடியிலிருந்து வந்ததுதான் 1966-ல் வெளியான ஐ.ஆர்.8. குட்டையான, விறைப்பான தண்டு. அதற்கேற்ற குட்டையான, நிமிர்ந்த இலை. கோடைப் பருவத்தில் நல்ல உரத்துடன் ஆராய்ச்சி வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் விளைந்தது. தமிழ்நாட்டிலும் பல வயல்களில் இறங்கியது. அதன் பிறகு வந்த குட்டை ரகங்கள் பலவற்றில் அதே தைவான் மரபணு இருக்கிறது.

அந்த மரபணு எது என்பது 2002-ல்தான் தெரியவந்தது. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செடி தயாரிக்கும் பாதையில் அது ஒரு படி. தைவான் ரகத்தில் அந்த மரபணுவின் ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது. ஹார்மோன் குறைந்ததால் தண்டு குட்டையானது. ஜெனிங்ஸ், பீச்செல் போன்ற அன்றைய விஞ்ஞானிகளுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. வயலில் நின்று, கண்ணால் பார்த்து, சரியான செடியைப் பொறுக்கினார்கள்.

கழுத்து: கோணத்தை நிர்ணயிக்கும் இடம்

ஐ.ஆர்.8 காலத்தில் இலை நிமிர்வு, குட்டைத் தன்மையோடு சேர்ந்து வந்தது. குட்டையாக்காமல் இலையை மட்டும் நிமிர்த்த முடியுமா என்பது அடுத்த கேள்வி.

அதற்கான இடம் கழுத்து. தோகை விரியும்போது கழுத்தின் உட்பக்க செல்கள் நீண்டால் தோகை வெளிப்பக்கமாக மடங்கும். எவ்வளவு நீள்கின்றனவோ அவ்வளவு சாய்வு. இதைத் தூண்டுவது பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோன். இந்த ஹார்மோன் குறைந்த செடிகளில் கழுத்து வளையாது, இலை நேராக நிற்கும். ஆனால் அதிகமாகக் குறைந்தால் செடி குறுகி, மணியும் சிறுத்துவிடும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. இந்த ஹார்மோன் பாதையில் ஒரு மரபணு மட்டும் பழுதான செடியில் இலை நிமிர்ந்தது, மணி சிறுக்கவில்லை. நெருக்கமாக நட்டபோது கூடுதல் உரம் இல்லாமலேயே மகசூல் கூடியது. இதில் ‘நெருக்கமாக நட்டபோது’ என்ற சொற்களை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். நிமிர்ந்த இலை தானாக மகசூல் தராது. அது திறந்துவிடும் இடத்தில் கூடுதல் செடிகள் நின்றால்தான் பலன்.

நாக்கும் காதும் இல்லாமல் பிறக்கும் அபூர்வமான நெல் செடிகளும் உண்டு. ஒரு மரபணு பழுதானால் கழுத்தே உருவாகாது. அதன் இலை குச்சி போல நிமிர்ந்து நிற்கும். கழுத்துதான் கோணத்தின் கீல் என்பதை இந்தச் செடிகள் காட்டிக்கொடுக்கின்றன.

நடு நரம்பு: தாங்கும் கை

கழுத்து நேராக இருந்தாலும், நடு நரம்பு பலமில்லாவிட்டால் இலை பாதியில் ஒடிந்து தொங்கும். நடு நரம்பை உருவாக்கும் மரபணு ஒன்று உண்டு. அது முழுதும் வேலை செய்யாத செடிகளில் நடு நரம்பே இருக்காது. இலைகள் நனைந்த துணி போலத் தொங்கும். விஞ்ஞானிகள் அந்த மரபணுவுக்கு ‘தொங்கு இலை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே மரபணுவுக்குப் பூவின் சூலகத்தை உருவாக்கும் வேலையும் இருக்கிறது. ஒரு மரபணு ஒரு வேலையோடு நிற்பதில்லை என்பதை ரகம் உருவாக்குபவர்கள் இப்படித்தான் அடிக்கடி சந்திக்கிறார்கள்.

மடிப்பு: ஓடை போன்ற இலை

சீனாவின் கலப்பின நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங், உயர் விளைச்சல் நெல்லின் மேல் மூன்று இலைகளுக்கு ஒரு வரைபடம் போலவே அளவு கொடுத்தார். இலைகள் நீளமாக, நிமிர்ந்து, தடித்து, ஆங்கில ‘வி’ எழுத்துப் போல மடிந்து இருக்க வேண்டும். தண்டிலிருந்து சாயும் கோணம் மேலிருந்து கீழாக ஏறத்தாழ 5, 10, 20 டிகிரி. மேலே இருந்து பார்த்தால் இலை குறுகலாகத் தெரியும், விரித்துப் பார்த்தால் 2 செ.மீ. அகலம் இருக்கும். கதிர் இலைகளுக்குக் கீழே மறைந்து நிற்கும். வயலைப் பார்த்தால் கதிரை விட இலைதான் அதிகம் தெரியும்.

‘வி’ மடிப்பு இலைக்கு விறைப்பைக் கொடுக்கிறது. காகிதத்தை நீளவாக்கில் லேசாக மடித்தால் அது நிமிர்ந்து நிற்பதைப் போலத்தான் இது. மடிப்பை நடத்துவது இலையின் மேல்தோலில் நரம்புகளுக்கு இடையே இருக்கும் பெரிய, நீர் நிறைந்த செல்கள். வறட்சியில் இவை நீர் இழந்து சுருங்குவதால்தான் நெல் இலை மதியத்தில் சுருள்கிறது. இந்தச் செல்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை, இலையின் அடிப்பக்கம் எப்படி அமைகிறது என்பதைப் பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. லேசான மடிப்பு நல்லது. அளவுக்கு மீறினால் இலை குழலாகி வெயில் வாங்கும் பரப்பே குறைந்துபோகும்.

அகலம்: தோல்வியில் கிடைத்த மரபணு

1989-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய செடி வடிவத்தைத் திட்டமிட்டது. பயனற்ற தூர்கள் வேண்டாம், ஒரு செடிக்கு 8 முதல் 10 தூர் போதும். ஆனால் ஒவ்வொரு கதிரிலும் 200 முதல் 250 மணிகள். தடித்த, கரும்பச்சையான, நிமிர்ந்த இலை. இதற்காக இந்தோனேசியாவின் பழைய ரகங்களை எடுத்துக்கொண்டார்கள். தூர் குறைவு, கதிர் பெரிது, இலை அகலம் என்பது அந்த ரகங்களின் இயல்பு.

செடி நினைத்தபடி அமைந்தது, மகசூல் அமையவில்லை. பால் பிடிக்காத மணிகள் அதிகம், மொத்த வளர்ச்சி குறைவு, பூச்சி நோய்களுக்கும் இடம் கொடுத்தது. பிறகு வழக்கமான இண்டிகா ரகங்களோடு மறுபடி கலந்து குறைகளைத் திருத்த வேண்டியிருந்தது.

ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. டாரிங்கன் என்ற இந்தோனேசிய நாட்டு ரகத்திலிருந்து இந்தச் செடிகளுக்கு வந்திருந்த ஒரு மரபணுவை, 4-வது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். ஐ.ஆர்.64 ரகத்துக்குள் அதை மட்டும் கொண்டுவந்தபோது இலை அகன்றது, கதிரில் மணி கூடியது, வேர் பெருகியது, கதிருக்கு உணவு கொண்டுபோகும் குழாய்கள் அதிகரித்தன. சோதனை வயல்களில் 13 முதல் 36 சதவிகிதம் வரை மகசூல் கூடியதாக 2013-ல் அறிவித்தார்கள்.

அதே ஆண்டு ஜப்பானில் இன்னொரு குழு, டகனாரி என்ற உயர் விளைச்சல் ரகத்தின் இலை ஏன் அதிகம் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று தேடியது. கிடைத்தது அதே மரபணு! ஆனால் டகனாரியில் அது பாதி வேகத்தில் வேலை செய்யும் வடிவில் இருந்தது. அதனால் இலை சற்றுக் குறுகி, தடித்து, ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் அதிக உணவு தயாரித்தது. பல உயர் விளைச்சல் ரகங்களின் வம்சாவளியைப் பார்த்தபோது, இந்த வடிவம் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த மரபணு பற்றி எதுவும் தெரியாது. வயலில் நன்றாக நின்ற செடியைப் பிடித்தார்கள், மரபணு கூடவே வந்தது.

முழு வேகத்தில் வேலை செய்தால் அகன்ற இலையும் பெரிய கதிரும். பாதி வேகத்தில் தடித்த, சுறுசுறுப்பான இலை. முழுதும் பழுதானால் நரம்புகள் குறைந்து, இலை நாணல் போலக் குறுகி, செடியே குட்டையாகிவிடும். ‘அகல இலை நல்லது’, ‘குறுகிய இலை நல்லது’ என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல இதில் இடமில்லை.

நாட்டு ரகங்களைக் காப்பாற்றுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. டாரிங்கன் ரகத்தை ஒரு தலைமுறை விவசாயிகள் ‘தூர் கட்டவில்லை’ என்று கைவிட்டிருந்தால், அதன் விதையை யாரும் சேமிக்காமல் இருந்திருந்தால், இந்த மரபணுவைத் தேடி எடுக்க இடமே இருந்திருக்காது.

இந்தியாவில் மரபணுத் திருத்தம்

2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணுத் திருத்த நெல் ரகங்கள் இரண்டில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 இலையோடு நேரடித் தொடர்பு உள்ளது. எம்.டி.யூ.1010 ரகத்தில் டி.எஸ்.டி. என்ற ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ததில், இலைகள் அகலமாயின, இலையின் மூச்சுத் துளைகள் நெருக்கம் குறைந்தன. அதனால் இலையிலிருந்து நீர் ஆவியாவது குறைந்து, வறட்சியையும் உப்பையும் ஓரளவு தாங்கும் தன்மை வந்ததாக ஆய்வு சொல்கிறது. வேறு உயிரின் மரபணு இதில் சேர்க்கப்படவில்லை. விதை உரிமை, பாதுகாப்புச் சோதனை பற்றி விவசாய அமைப்புகள் சில எழுப்பிய கேள்விகளும் உள்ளன. ‘அதிசய அகல இலை நெல்’ என்று பெயரில்லாத பையில் யாராவது விற்றால், சான்று அட்டை இல்லாமல் வாங்கவே கூடாது.

எல்லா வயலுக்கும் நிமிர்ந்த இலை பொருந்துமா?

நிமிர்ந்த இலை வெயிலைக் கீழே விடும். அந்த வெயில் கீழ் இலைக்கு மட்டும் போவதில்லை. வரிசைக்கு நடுவே முளைக்கும் களைக்கும் போகும். நடவு வயலில் தண்ணீர் கட்டிக் களையை அடக்கலாம். நேரடி விதைப்பிலும் மானாவாரியிலும் அந்த வசதி கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் விவசாயிகள் நூற்றாண்டுகளாகப் பயிர் செய்த ஆப்பிரிக்க நெல்லில் இதற்கு நேர்மாறான இலை இருக்கிறது. இளம் பயிரிலேயே அகன்று, சாய்ந்து, மண்ணை மூடிக் களையை அமுக்கிவிடும். சியரா லியோன் நாட்டைச் சேர்ந்த மான்டி ஜோன்ஸ் தலைமையில் அந்த நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்து ‘நெரிகா’ ரகங்களை உருவாக்கினார்கள். இளம் பருவத்தில் பரந்து சாயும் இலை, கதிர் வரும் பருவத்தில் நிமிர்ந்த இலை என்று இரண்டையும் ஒரே செடியில் சேர்ப்பது அந்த முயற்சியின் நோக்கங்களில் ஒன்று. 2004-ல் உலக உணவுப் பரிசை மான்டி ஜோன்ஸும் யுவான் லாங்பிங்கும் பகிர்ந்துகொண்டார்கள். இலை நிமிர வேண்டும் என்றவரும், இலை முதலில் சாய வேண்டும் என்றவரும் ஒரே மேடையில்!

நம் காட்டுயானம், மாப்பிள்ளை சம்பா போன்ற பாரம்பர்ய ரகங்களின் நீண்டு சாயும் இலையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். குறைந்த உரம், அகன்ற இடைவெளி, களைக்கொல்லி இல்லாத வயல், மாட்டுக்கு நிறைய வைக்கோல் என்ற கணக்குக்கு அந்த இலை பொருந்தும். அதே ரகத்துக்குக் குட்டை ரகத்துக்கான யூரியாவைப் போட்டால், கதிர் முற்றுவதற்குள் வயல் பாயாகச் சாய்ந்துவிடும். தவறு ரகத்தினுடையது அல்ல.

மரபணு கொடுத்ததை யூரியா கெடுக்கலாம்

இலை நிமிர்ந்து நிற்கும் ரகத்திலும் தழைச்சத்து அதிகமானால் இலை நீண்டு, மெலிந்து, தொங்கும். கீழ் இலை இருட்டாகும். இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் இலையுறைக் கருகலும் வந்து சேரும். அறுபது ஆண்டு ஆராய்ச்சி கொடுத்த நிமிர்வை இரண்டு மூட்டை யூரியா சாய்த்துவிடும். அதைத் தடுக்கச் செய்ய வேண்டியவை:

* தழைச்சத்தைப் பிரித்து இடவும். இலை வண்ண அட்டையை நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை பயன்படுத்தலாம். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3-ம் எண்ணுக்குக் கீழே, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4-ம் எண்ணுக்குக் கீழே நிறம் குறைந்தால் மட்டும் உரம்.

* இடைவெளியை ரகத்துக்கேற்ப வைக்கவும். நல்ல மண்ணில் குறுகிய கால ரகத்துக்கு 15 x 10 செ.மீ., மத்திய கால ரகத்துக்கு 20 x 10 செ.மீ. பொதுவான பரிந்துரை. 8 அடிக்கு ஒருமுறை 1 அடி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும், புகையான் கட்டுப்படும்.

* சாம்பல் சத்தைக் குறைக்க வேண்டாம். வைக்கோலையும் உமிச் சாம்பலையும் வயலுக்கே திருப்பினால் சிலிக்கா கிடைக்கும். சிலிக்கா படிந்த இலை விறைப்பாக நிற்கும், பூச்சி கடிக்கவும் கடினமாக இருக்கும்.

* மேல் மூன்று இலைகளைக் காப்பாற்றவும். கதிருக்குப் போகும் உணவின் பெரும் பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறது. கடைசியில் வரும் கண்ணாடி இலை அதில் தலையானது. இலைச்சுருட்டுப்புழு சேதம் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகித இலை வரை பொறுக்கலாம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவிகிதத்தைத் தொட்டால் உடனே கட்டுப்படுத்த வேண்டும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

‘வயலில் ஒரு செடி மட்டும் அகல இலையோடு, உயரமாக, பெரிய கதிரோடு நிற்கிறது. விதைக்கு எடுக்கலாமா?’

விதை வயலாக இருந்தால் அது கலவன். பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். பக்கத்து ரகத்தின் மகரந்தம் கலந்ததாகவோ, வேறு விதை கலந்ததாகவோ இருக்கலாம். ஆர்வம் இருந்தால் அந்தக் கதிரை மட்டும் தனியே அறுத்து, அடுத்த பருவத்தில் ஒரு சிறு பாத்தியில் ஒற்றை நாற்றாக நட்டுப் பார்க்கலாம். எல்லாச் செடியும் ஒரே மாதிரி வந்தால் அது வேறு ரகம். உயரமும் குட்டையும் அகலமும் குறுகலுமாகப் பிரிந்தால் அது கலப்பு. நிலைப்பட இன்னும் பல தலைமுறை பொறுக்க வேண்டும். தாயைப் போல எல்லாம் வரும் என்று நம்பி ஏக்கர் கணக்கில் விதைத்தால் நட்டம்தான்.

‘நடுக்குருத்து வெங்காயத் தாள் போலக் குழலாக வருகிறது. இது ரகத்தின் குணமா?’

இல்லை. தூரின் நடுக்குருத்து வெள்ளிக் குழல் போல வந்து, அதில் கதிர் வராவிட்டால் ஆனைக்கொம்பன் ஈயின் வேலை. 2,4-டி களைக்கொல்லியைத் தவறான பருவத்திலோ அதிக அளவிலோ தெளித்தாலும் இலை குழலாகும். நாற்றின் இலை நுனி ஊசி போலச் சுருண்டால் இலைப்பேன். நீளவாக்கில் மடிந்து, உள்ளே பச்சையம் சுரண்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் இலைச்சுருட்டுப்புழு. மதியம் சுருண்டு மாலையில் விரிந்தால் தண்ணீர்த் தேவை. வயல் முழுவதும், எல்லாச் செடியிலும், முளைத்ததிலிருந்து ஒரே மாதிரி லேசான மடிப்பு இருந்தால் மட்டுமே அது ரகத்தின் குணம்.

‘ஒற்றை நாற்று நடவில் 25 x 25 செ.மீ. இடைவெளி விடுகிறேன். நிமிர்ந்த இலை ரகம் எடுக்கலாமா?’

எடுக்கலாம், ஆனால் தூர் நன்றாகக் கட்டும் ரகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். தூர் குறைந்து, இலை நிமிர்ந்து நிற்கும் ரகத்தை இவ்வளவு அகலத்தில் நட்டால், வயல் மூடவே மூடாது. நடுவே விழும் வெயில் களைக்குத்தான் போகும். கோனோவீடர் ஓட்டும் நாள்களைத் தவறவிடக் கூடாது. பூக்கும் சமயத்தில் வயலுக்குள் குனிந்து பார்த்தால், மண்ணில் வெயில் வட்டங்கள் நிறைய விழுந்தால் இடைவெளி அதிகம். அடி இலைகள் முன்கூட்டியே மஞ்சளாகி, உள்ளே இருட்டாக இருந்தால் நெருக்கமோ உரமோ அதிகம். அடுத்த பருவத்துக்கு ரகத்தையும் இடைவெளியையும் மாற்ற வேண்டுமா என்பதை அந்தப் பார்வையே சொல்லிவிடும்.